உள்ளே இருப்பவர் பேச்சு

பாய்ப்படகின் அறையில் உட்காரலாம், படுக்கலாம், நிமிர்ந்து நிற்க மட்டும் முடியாது. டெல்பின் கொரேரா காலையிலிருந்து இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டாள். எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்த சிரில் இரண்டு தடவையும் பார்த்தான். மனசுக்குள் சிரித்திருப்பான். இந்த அறையை வரைந்தவளே அவள்தானே.

தூத்துக்குடிக் கடலில் இயந்திரப் படகுகளை நிறுத்திவிட்டுப் பாய் திரும்பி வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதோடு சேர்ந்து அனலும் வந்தது. வெயிலைச் சொல்லவில்லை, வெயில் அந்த ஊருக்குப் புதிதா என்ன. காற்று செத்துப்போய், கடலின் ஈரமும் வெயிலின் சூடும் ஒன்றாகச் சேர்ந்து அசையாமல் நிற்கும் நாள்கள் உண்டு. அன்றைக்கு உடம்பில் வேர்வை வழியும், ஆனால் காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவன்கூடப் பொழுது சாய்வதற்குள் முடிந்துபோவான். சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் கருவி எல்லாப் படகிலும் இருந்தது. ஈரவெப்பம் என்று அதற்குப் பெயர். அது முப்பத்தைந்தைத் தொட்டால் ஆள் தாங்கமாட்டான் என்பது கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதற்காகத்தான் அனல் காப்பு வாரியம் ஒவ்வொரு படகிலும் குளிர் அறை வைக்கச் சொன்னது. கூரைமேல் ஒரு குளிர்ப்பெட்டி. உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி மேலே துப்பும். வாரியத்தின் பொறியாளர் டெல்பின் அறையை வரைந்தாள், படகுக்காரர்கள் கட்டினார்கள், எல்லாருக்கும் நிம்மதி.

நிம்மதி முதல் கோடையைத் தாண்டவில்லை. சூடு தலைக்கு ஏறியவனுக்குத் தன் தலையில் சூடு ஏறியது தெரியாது. உள்ளேதான் மூச்சு முட்டுகிறது, வெளியே ஜம்மென்று காற்று வீசுகிறது என்று தோன்றும். கதவைத் திறந்துகொண்டு போய்த் தளத்தில் மல்லாந்து படுத்துவிடுவான். அப்படிப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. ஆகவே டெல்பின் ஒரு பூட்டுப் போட்டாள். வெளியே எண் ஏறினால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், இறங்கினால் தானாகத் திறக்கும். நடுவில் யார் கெஞ்சினாலும் திறக்காது. முன்பெல்லாம் கரையிலிருந்து திறக்க ஒரு வழி இருந்தது. கவுன்சிலரை விட்டுப் போன் பண்ணவைத்து அதைத் திறக்கச் செய்த குடும்பங்கள் மறுநாள் கோவில் வாசலில் நின்று அழுததைப் பார்த்துவிட்டு, அந்த வழியையும் அவளே அடைத்தாள். உள்ளே இருப்பவர் பேச்சைக் கேட்காதே. அவள் எழுதிய விதியின் முதல் வரி அது. அந்த வரியால் பிழைத்த குடும்பங்கள் ஊர் முழுக்க இருந்தன.

சிரிலின் அண்ணன் கஸ்பார் மட்டும் பிழைக்கவில்லை. போன கோடையில் இதே மாதிரி அறையில், கூட வந்த இரண்டு பேரோடு அவன் செத்துக் கிடந்தான். கதவு மறுநாள் விடியும்வரை திறக்கவில்லை. விசாரணையை நடத்தியவள் டெல்பின். வெளியே அன்று இரவு முழுவதும் முப்பத்தாறு, குளிர்ப்பெட்டியில் கோளாறு இல்லை, பூட்டு சரியாகத்தான் நடந்துகொண்டது என்று முடிவு சொன்னாள். சிரில் விடவில்லை. “எங்கண்ணன் கடல்லயே கிடந்தவன். ஒரு அறையைக் குளிரா வச்சுக்கத் தெரியாதவனா அவன்?” என்று வாரியத்தின் வாசலில் வருஷம் முழுக்க நின்றான். அவன் தொல்லை தாங்காமல் வாரியம் ஒரு வேலை செய்தது. அதே மாதிரிப் படகில் ஒரு அனல் நாளைக் கழித்துவிட்டு வந்து சொல் என்று டெல்பினையே சிரிலோடு அனுப்பிவிட்டது.

நாளும் வாய்த்தது. பனிமய மாதா கோவில் கொடியேற்றத்துக்காகத் தெற்கே இருந்து வந்த படகுகள் கரைக்கு எட்டாத தூரத்தில் அனலில் மாட்டிக்கொண்டு நங்கூரம் போட்டிருந்தன, அவற்றின் நடுவில் இவர்கள் படகும். எல்லாவற்றின் கொடிமரத்திலும் மாதாவின் நீலக்கொடி. பெயரிலேயே பனியை வைத்திருக்கிறவள் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாதா என்று டெல்பின் காலையில் நினைத்துக்கொண்டாள்.

கதவு பூட்டுவதற்கு முன்னால் சிரில் பழைய பருத்திப் பாய் ஒன்றை எடுத்து அறையின் கூரைமேல் விரித்தான். ஓரமெல்லாம் இழுத்துக் கட்டி, மேலே ஒரு துளைபோட்ட குழாயை ஓடவிட்டான். சின்ன மோட்டார் கடல் தண்ணீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் பாயில் விட்டது.

“அண்ணன் கண்டுபிடிச்சது. நம்மாளுக முன்னெல்லாம் வாளியில மோந்து ஊத்துவாவ. இப்ப எல்லாப் படகுலயும் இதான்.”

நனைந்த பாயின் அடியில் வளர்ந்தவள்தான் டெல்பினும். அவளுடைய அப்பா மத்தியானத்தில் பாயை நனைத்துப் போட்டுவிட்டு அதன் கீழே தூங்குவார். ஒரு முனையை அவளே பிடித்து, கூரையின் ஓரத்தில் இருந்த வளையத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னாள்.

இப்போது சாயங்காலம். சுவரில் இரண்டு எண்கள் எரிந்தன. வெளியே முப்பத்தாறு. உள்ளே முப்பத்து நாலரை.

“மத்தியானம் உள்ள முப்பதுதான இருந்திச்சு?” என்றான் சிரில்.

“ஆமா. கூடிக்கிட்டே வருது.”

“மிஷின் ஓடுதுல்லா?”

“ஓடுது. முழுசா ஓடுது.”

இருவரும் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்கள். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு, ஒருவர் சூடு ஒருவர்மேல் படாமல் ஆளுக்கொரு கோடியில் ஒதுங்கிக் கிடந்தார்கள். சிரிலின் முகம் சிவந்து, உதடு காய்ந்துவிட்டது. டெல்பினுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயின. அவளுக்குப் பயமாக இருந்தது. மற்றவர்களுக்காகப் பயப்பட்டே பழகியவளுக்குத் தனக்காகப் பயப்படுவது புதிதாக இருந்தது. எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும், இருந்தாலும் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஜன்னல் என்பது தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதை உடைக்க முடியாத தடிமனில் போடச் சொன்னதும் அவள்தான். சிரில் பலகையின் காலைக் கழற்றி அதன்மேல் ஓங்கி ஓங்கி அடித்து, கடைசியில் கை வலித்து விட்டுவிட்டான்.

வயர்லெஸ்ஸை எடுத்தாள். கரை நிலையத்தில் ஷிஃபானா பேசினாள்.

“ஷிஃபானா, இங்கே உள்ள முப்பத்தி நாலரை. தாங்காது. அங்க கரையில என்ன காட்டுது?”

“இங்க முப்பதுக்கு வந்துட்டு மேடம். கச்சான் எழும்பிட்டு. ஆனா கடல்ல இன்னும் முப்பத்தாறுதான்.”

“எப்படித் தெரியும்?”

“உங்க படகு மட்டுமா, எல்லாப் படகும் அதத்தான் சொல்லுது. ஒண்ணு தப்பா இருக்கலாம், அத்தனையும் தப்பாவா இருக்கும்? எண் இறங்காம மீட்புப் படகு வெளிய எடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல. பொறுத்துக்கோங்க மேடம். ஈரத்துண்டு போட்டுட்டுப் படுங்க.”

பதிலில் ஒரு குறையும் இல்லை. டெல்பின் பயிற்சி கொடுத்தபோது சொன்ன வார்த்தைகளே திரும்பி வந்தன. அவள் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டு, கண்ணாடி வட்டத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்து நின்றாள். கண்ணாடிக்கு வெளியே மேல்பாதியைப் பாயின் ஓரம் மறைத்திருந்தது. கீழ்ப்பாதியில் கொஞ்சம் கடல், கொஞ்சம் தூரத்தில் பக்கத்துப் படகு.

பக்கத்துப் படகின் நீலக்கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்தாள். கச்சான் என்பது நிலத்திலிருந்து வரும் மேல்காற்று. காய்ந்த காற்று. கரையில் அடிப்பது இங்கேயும் அடிக்கிறது. கொடி கிழிகிற மாதிரி காற்று அடிக்கிற இடத்தில் ஈரம் எப்படி நிற்கும்? முப்பத்தாறு எங்கிருந்து வருகிறது?

அளக்கும் கருவியை அவள் கூரையின் ஓரத்தில் வைத்திருந்தாள். கொடிமர உச்சியில் வைக்கலாம் என்று சிலர் சொன்னபோது, தளத்தில் நிற்கிற மனிதன் மூச்சுவிடும் காற்றைத்தான் அளக்க வேண்டும் என்று வாதாடி ஜெயித்தாள். அந்தக் கருவிக்குப் பக்கத்தில்தான் குளிர்ப்பெட்டி சூட்டைத் துப்பும் வாய். இரண்டுக்கும் மேலே, காலையில் அவளே முடிச்சுப் போட்ட நனைந்த பாய்.

“இட்லிக் கொப்பரை,” என்றாள்.

“என்னது?”

“ஈரத்துணி, அடியில சூடு, மேல மூடி. பாய்க்கடியில நாம அவிச்சிக்கிட்டிருக்கோம் சிரில். மிஷின் துப்புற சூடு வெளிய போகல, பாய்க்குள்ளேயே நிக்குது. கருவி அந்தக் காத்தை அளக்குது. வெளிய அனல்னு நினைச்சு மிஷின் இன்னும் வேகமா ஓடுது, இன்னும் சூட்டைத் துப்புது. நமக்கு வர்ற காத்தும் அங்கேருந்துதான் வருது. வெளிய அனல் இல்ல. எப்பவோ போயிருச்சு.”

சிரில் அவளை உற்றுப் பார்த்தான். “அப்ப மத்த படகுக?”

“எல்லாத்துலயும் பாய் கிடக்கு. அதான் எல்லாம் ஒரே எண் சொல்லுது.”

விசாரணையில் இந்தப் பாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. விடியலில் மோட்டாரின் பேட்டரி தீர்ந்து, பாய் காய்ந்து, எண் இறங்கியபின் மீட்கப் போனவர்கள் கதவுக்குப் போவதற்கு முதலில் பாயைத்தான் இழுத்துப் போட்டிருப்பார்கள். கடலோரத்து ஜனம் அனல் நாளில் பாய் போடுவது மற்றவர்கள் சட்டை போடுவது மாதிரி. செத்தவன் சட்டை போட்டிருந்தான் என்று யார் வந்து சொல்லுவார்கள்? கேட்டவளும் அதே கடலோரத்துக்காரி, கேட்கத் தோன்றவில்லை.  

“இப்ப என்ன செய்ய?” என்றான் அவன். “மோட்டார் விடியுமட்டும் நிக்காது, பேட்டரியில ஓடுது. பாய் காயாது.”

“இன்னொரு விதி இருக்கு. அறைக்குள்ள தீப்பிடிச்சா யாரும் உள்ளேயே வெந்துரக்கூடாதுன்னு எழுதினது. வெளியைவிட உள்ள ஒரு புள்ளி மோசமானா கதவு திறந்துரும்.” அவள் மூலையில் இருந்த சின்ன ஸ்டவ்வைக் காட்டினாள். “அதைப் பத்தவைக்கணும். தண்ணி கொதிக்கணும். காத்து வர்ற ஓட்டையைத் துணி வச்சு அடைக்கணும். உள்ள முப்பத்தேழு ஆகணும்.”

சிரில் எழுந்து அவளுக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, உங்களுக்குத் தலைக்கு ஏறிட்டு.”

அதுவரை மேடம் என்று கூப்பிட்டவன். பரிதாபப்பட்டு அக்கா என்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

“ஏறல.”

“ஏறினவன் ஏறலன்னுதான் சொல்லுவான். வெளிய நல்லா காத்து அடிக்கும்பான். நீங்கதான ஊர் ஊரா வந்து சொன்னீய? உள்ள இருக்கவன் பேச்சக் கேக்காதன்னு எழுதினது யாரு?”

  அவன் இடத்தில் அவள் இருந்தால் ஸ்டவ்வைக் கண்ணாலும் பார்க்கவிடமாட்டாள். அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. கொடி உண்மையிலேயே ஆடுகிறதா? திரும்பிப் பார்த்தாள். ஆடுகிற மாதிரிதான் இருந்தது.

“நீ பாரு,” என்றாள். “எனக்கு ஏறியிருக்கலாம். உனக்கும் ஏறியிருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே பொய்யாவா தெரியும்? நீ பாத்துட்டு என்ன தெரியுதுன்னு சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

சிரில் முழங்காலில் நகர்ந்துபோய்க் கண்ணாடியில் கண்ணை வைத்தான். வெகுநேரம் பார்த்தான்.

“கொடி நெட்டுக்கு நிக்கி,” என்றான் மெதுவாக. “கச்சான்தான்.”

திரும்பி உட்கார்ந்தவன் தீப்பெட்டியைத் தேடவில்லை, வேறொன்று கேட்டான்.

“அண்ணன் படகுல ஸ்டவ் எப்படி இருந்திச்சு?”

“அணைஞ்சு, குளிர்ந்து இருந்துச்சு. பத்தவைக்கவே இல்ல. தரையெல்லாம் ஈரத்துணி. மூணு பேரும் தள்ளித் தள்ளிப் படுத்திருந்தாங்க. உள்ள முப்பத்தஞ்சு. ஒரு தப்புகூடப் பண்ணல அவங்க.”

“முப்பத்தஞ்சு,” என்றான் சிரில். “கதவு திறக்கத்தான் ரெண்டு குறைஞ்சிருக்கு.”

அவள் தலையசைத்தாள். அறையைக் குளிராக வைத்துக்கொள்ளத் தெரியாதவனா அவன் என்று ஒரு வருஷமாக இவன் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நன்றாகவே தெரிந்தவன், அதனால்தான் கதவு திறக்கவில்லை.  சிரில் ஸ்டவ்வை முன்னால் இழுத்து வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை டெல்பின் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. காற்று வரும் ஓட்டையில் சிரில் தன் சட்டையைத் திணித்தான். ஆவி கூரையில் முட்டி, சொட்டாக முதுகில் விழுந்தது. முப்பத்தைந்து. முப்பத்தைந்தரை. உடம்பிலிருக்கும் ஒவ்வொரு நரம்பும் அதை அணை, அணை என்று கத்தியது. அவள் கை இரண்டு தடவை தானாக ஸ்டவ்வுக்குப் போயிற்று, இரண்டு தடவையும் சிரில் பிடித்துக்கொண்டான். மூன்றாவது தடவை அவன் கை போயிற்று, அவள் பிடித்துக்கொண்டாள். முப்பத்தாறு.  சிரில், கஸ்பாரிடம் ஏதோ பேச ஆரம்பித்தான். வலையைப் பற்றி என்னவோ. பிறகு பேச்சு நின்றது, தலை தொங்கியது. அவள் எண்ணைப் பார்த்தாள். எண் இரண்டாகத் தெரிந்தது. கணக்கு தப்பாக இருந்தால் என் கையாலேயே இவனையும் கொன்றேன் என்று நினைத்தாள். அழுகை வந்தது, கண்ணீர் எது வேர்வை எது என்று தெரியவில்லை.

கதவு திறந்த சத்தம் கேட்டபோது அவள் அதை நம்பவில்லை.

சிரிலின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து இழுத்து, படியில் ஏற்றி, பாயின் ஓரத்தை முதுகால் முட்டித் தூக்கிக்கொண்டு வெளியே விழுந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. நல்ல காய்ந்த கச்சான். வேர்வை காய்ந்து உடம்பு சில்லிட்டது. அவள் சிரிலின் தலையில் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினாள். அவன் இருமினான், கண்ணைத் திறந்தான். பிறகு காலையில் போட்ட முடிச்சைத் தேடி அவிழ்த்துப் பாயை இழுத்துக் கடலில் தள்ளினாள். தளத்துச் சுவரில் முப்பத்தாறு என்று நின்ற எண் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கி முப்பதில் வந்து நின்றது.

சிரில் அந்த எண்ணைப் பார்த்தான். காற்றுக்கு முகத்தைக் காட்டினான்.

“அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சிருக்கும், என்னக்கா?”

“அடிச்சிருக்கும்,” என்றாள் டெல்பின். “நான் தப்பாச் சொல்லிட்டேன் சிரில்.”

 சிரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான். அவள் அவன் தோளைத் தொடப் போய், தனக்கு அந்த உரிமை இல்லை என்று கையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள்.

மாதாவின் கொடிகள் எல்லாம் காற்றில் நெட்டுக்கு நின்றன. அவற்றுக்குக் கீழே படகு படகாக நனைந்த பாய்கள் சாயங்கால வெயிலில் மினுங்கின. எந்தத் தளத்திலும் ஆள் இல்லை. எல்லாக் கதவும் மூடியிருந்தது.

கை வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிட்டாள்.

“ஷிஃபானா, நாங்க வெளிய வந்துட்டோம். வெளிய அனல் இல்ல. எல்லாம் அந்தப் பாய். மீட்புப் படகை உடனே அனுப்பு.”

“மேடம், பூட்டு நேரத்துலயா வெளிய வந்தீங்க?”

“ஆமா. நான் சொல்றதக் கேளு.”

“மேடம், உங்க எண் இறங்கிருச்சு, பாக்குறேன். ஒரு படகு மட்டும் முப்பது சொல்லுது, மத்ததெல்லாம் முப்பத்தாறு.” ஷிஃபானாவின் குரல் குழந்தையிடம் பேசுவது மாதிரி இளகியது. “உங்க கருவிலதான் ஏதோ கோளாறு. காத்து நல்லா இருக்க மாதிரித்தான் தோணும் மேடம். தயவுசெஞ்சு உள்ள போயிருங்க. அனல்ல வெளிய வந்தவங்க சொல்றத வச்சுப் படகு எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க.”

டெல்பின் வயர்லெஸ்ஸை அணைத்தாள். பின்னால் கட்டியிருந்த சிறு தோணியைச் சிரில் ஏற்கெனவே அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிற்கவே தள்ளாடுகிறவன் துடுப்பைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். “அண்ணன் குடுத்த குழாய், நான்தான் எல்லார்க்கும் மாட்டிவிட்டேன்,” என்றான். “ஏறுங்க.”

பக்கத்துப் படகு கிட்ட வந்தது. டெல்பின் தாவி ஏறினாள். பாயின் மேல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஓரத்தில் வைத்த கையில் உள்ளிருந்து ஆவி அடித்தது. குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு முதல் முடிச்சில் விரலை விட்டாள்.

உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். ஒரு இளம்பெண். கழுத்தில் ஈரத்துண்டு, இடுப்பில் துவண்டு கிடக்கும் குழந்தை. அனலில் வெளியே திரியும் பைத்தியக்காரி ஒருத்தி தன் நிழலைப் பிடுங்குகிறாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். கண்ணாடியில் இரண்டு கையையும் அடித்தாள். பிறகு கையைக் கூப்பினாள். எடுக்காதே, எடுக்காதே என்று அவள் உதடு அசைவது நன்றாகத் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

டெல்பின் கண்ணாடியைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த முடிச்சை அவிழ்த்தாள்.